பாரதியாரின் நூற்கனவு

பெரியாற்று நீர் பாயும் வயல்கள் சூழ்ந்த ஊர் மேலூர். மதுரை மாநகரிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் பெருவழியில் அஃது அமைந்துள்ளது. அவ்வூர்ப் பள்ளி விழாவில் சிறுவர் சிறுமியர் பாரதியாரின் பாடல்களைப் பாட விரும்பினால், எவரிடத்தும் இசைவு பெற வேண்டுவதில்லை. எவருக்கும் பணம் செலுத்த வேண்டுவதும் இல்லை. அவர்தம் கவிதைத் தொகுதியை எந்தப் பதிப்பகத்தாரும் அச்சிடலாம்; எளிய விலைக்கு விற்கலாம். தமிழ்நாட்டின் எல்லா ஊர்களுக்கும் இவ்வுரிமை உண்டு. ஆயினும் இஃது எளிதிற் கிடைத்த பேறு அன்று. தம் நூல்களை நம்பி ஒப்படைத்தற்குரிய ஒரு வெளியீட்டாளரைத் தேடித் தேடிக் களைத்து, அக்கனவு நிறைவேறும் முன்னரே கண் மூடிய கவிஞர் ஒருவரின் வரலாறு இதன் பின்னே உள்ளது.

இளமையும் மதுரையும்

சுப்பிரமணிய பாரதியார் 1882-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11-ஆம் நாள் எட்டயபுரத்தில் தோன்றினார். தந்தையார் சின்னசாமி ஐயர். தாயார் இலக்குமி அம்மாள். பதினொன்றாம் வயதிலேயே புலவர் அவையில் பாரதி என்னும் பட்டம் பெற்றார். தந்தையார் எட்டயபுரத்தில் பஞ்சாலை ஒன்றை நிறுவினார், அத்தொழில் நொடித்தது, பொருள் அனைத்தும் அழிந்தது. 1898-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். செல்வம் நிலையாதது என்னும் உண்மையைப் பாரதியார் ஏட்டிற் கற்பதற்கு முன்னரே வீட்டிற் கண்டார். பின்னர்க் காசியிற் சில ஆண்டுகள் பயின்று, மீண்டும் எட்டயபுரம் வந்து அரண்மனையிற் சிறிது காலம் பணியாற்றினார்.

1904-ஆம் ஆண்டு மதுரை நகரம் அவருக்கு இரு நன்மைகளைச் செய்தது. மதுரையிலிருந்து வெளிவந்த விவேகபானு என்னும் மாத இதழ், தனிமை இரக்கம் என்னும் அவர்தம் பாடலை அவ்வாண்டு வெளியிட்டது. அச்சில் ஏறிய அவருடைய முதற் பாடல் அதுவே. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர் பணியும் அவருக்குக் கிடைத்தது. அப்பணி தற்காலிகமானது, சில திங்களே நீடித்தது. நவம்பரில் அவர் சென்னைக்குச் சென்று, ஜி. சுப்பிரமணிய ஐயர் நடத்திய சுதேசமித்திரன் நாளிதழில் துணையாசிரியராய் அமர்ந்தார். அச்சு எழுத்துகளின் நடுவே வாழும் வாழ்வு அன்று தொடங்கியது.

அக்காலத்து அச்சுத்தொழில்

அக்காலத்தில் ஒரு நூலை வெளியிடுதல் பெரும்பணி. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாய்க் கையால் எடுத்துக் கோத்தே பக்கம் அமைத்தல் வேண்டும். தாளுக்கும் மைக்கும், அச்சுக்கூலிக்கும் கட்டடத்திற்கும் முன்னரே பொருள் தேவைப்பட்டது. விற்ற பணமோ சிறுகச் சிறுகவே திரும்பி வரும். ஆதலின் நூலாசிரியர் பலர் செல்வர்களை நாடினர். சிலர், வாங்குவோரிடம் கையொப்பம் பெற்று முன்னரே தொகை திரட்டினர். உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, இவ்வாறு கையொப்பம் இட்டோரின் உதவியையும் நாடினார். புகழ்பெற்ற பழந்தமிழ் நூலுக்கே நிலைமை இதுவாயின், இளங்கவிஞர் ஒருவரின் புதுப்பாடல்களுக்கு முதலிட முன்வருவார் யார்?

மேலும், வெளியிடுவோரிடம் பொருள் இருந்தால் மட்டும் போதாது. பிழையின்றி அச்சிடும் கருத்து வேண்டும். விற்ற கணக்கை ஒளிவின்றிக் காட்டும் நேர்மை வேண்டும். நூலைப் பல ஊர்க்கும் கொண்டு செல்லும் ஊக்கம் வேண்டும். அயலார் ஆண்ட அந்நாளில், இவற்றினும் மேலாக நான்காவது பண்பு ஒன்றும் வேண்டியிருந்தது. அரசின் சினத்திற்கு அஞ்சாத நெஞ்சமே அது.

மாற்றுக் கட்சியாரின் உதவி

பாரதியாருக்கு முதலிற் கிடைத்த பேருதவி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. வி. கிருஷ்ணசாமி ஐயர் சென்னையிற் புகழ்பெற்ற வழக்கறிஞர். பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதியாகவும் விளங்கினார். அரசியலில் அவர் மிதவாதி, பாரதியாரோ தீவிரவாதி. பாரதியார் தம் இதழில் மிதவாதிகளைக் கடுமையாகத் தாக்கி வந்தார். ஆயினும் அவர் பாடல்களைக் கேட்ட கிருஷ்ணசாமி ஐயர் உள்ளம் உருகினார். 1907-ஆம் ஆண்டு மூன்று பாடல்களைச் சுதேச கீதங்கள் என்னும் பெயரால் தம் செலவில் 15,000 படிகள் அச்சிடச் செய்து, விலையின்றி வழங்கினார். கொள்கை வேறுபாட்டினும் கவிதை பெரிது என உணர்ந்த அப்பண்பு போற்றத்தக்கது.

எனினும் ஒருமுறை கிடைத்த கொடை நிலைத்த ஏற்பாடு ஆகாது. 1908-ஆம் ஆண்டு பாரதியார் தம் தேசியப் பாடல்களைத் தொகுத்துச் சுதேச கீதங்கள் என்னும் நூலைத் தாமே வெளியிட்டார். அவ்வாறே 1909-ஆம் ஆண்டு ஜன்ம பூமி என்னும் தொகுதியும் வந்தது. நூலை எழுதும் கையே தாள் விலையையும் கணக்கிட வேண்டிய நிலை அவருக்கு நேர்ந்தது.

புதுவையில் பட்ட துயர்

1906-ஆம் ஆண்டு தொடங்கிய இந்தியா என்னும் வார இதழிற் பாரதியார் எழுதிய கட்டுரைகள் ஆங்கில ஆட்சியைச் சினங்கொள்ளச் செய்தன. 1908-ஆம் ஆண்டு அவ்விதழின் ஆசிரியராகப் பதிவு பெற்றிருந்தவர் சிறைப்பட்டார். பாரதியார் நண்பர்களின் அறிவுரைப்படி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுவைக்குச் சென்றார். இதழ் அங்கிருந்து மீண்டும் வெளிவந்தது. ஆயினும் ஆங்கில அரசு தன் எல்லைக்குள் அது நுழைதலைத் தடுத்தது. 1910-ஆம் ஆண்டு இதழ் நின்றது.

அதன்பின் அவர் பட்ட இன்னல் பெரிது. அவருக்கு வரும் கடிதங்கள் இடைமறிக்கப்பட்டன. வீட்டு வாயிலில் ஒற்றர் உலவினர். 1910-ஆம் ஆண்டு அச்சான கனவு, ஆறில் ஒரு பங்கு என்னும் நூல்களை மறு ஆண்டே சென்னை அரசு தடை செய்தது. சின்னச் சங்கரன் கதையின் கையெழுத்துப்படி களவு போயிற்று. அதனால் அக்கதை இன்றும் குறையாகவே நிற்கின்றது. எழுதி வைத்தால் களவு, அச்சிட்டால் தடை. இவ்விரண்டிற்கும் இடையே அவர் உள்ளம் தளராது எழுதினார். பாஞ்சாலி சபதம், குயில் பாட்டு, கண்ணன் பாட்டு ஆகிய பெருநூல்கள் புதுவையிற் பிறந்தவையே.

பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912-ஆம் ஆண்டு அச்சாயிற்று. இரண்டாம் பாகத்தை வெளியிட ஒருவரும் கிடைத்திலர். 1914-ஆம் ஆண்டு மாதா மணிவாசகம் என்னும் தேசியப் பாடல் தொகுதி ஒன்று வெளிவந்தது. அது தமிழ்நாட்டில் அச்சானதன்று. கடல் கடந்து, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வாழ்ந்த தமிழர் முயற்சியால் அச்சாயிற்று. தாய்நாட்டிற் கிடைக்காத அச்சகம் அயல்நாட்டிற் கிடைத்ததை எண்ணுங்கால் வியப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றுகின்றன.

நெல்லையப்பர் என்னும் நண்பர்

இந்நிலையில் நம்பத்தக்க ஒருவர் பாரதியாருக்குக் கிடைத்தார். அவரே பரலி சு. நெல்லையப்பர். வ. உ. சிதம்பரனாரின் தொண்டில் ஈடுபட்டிருந்த இளைஞர் அவர். பாரதியார் அவரைத் தம்பி எனவே கருதினார். நெல்லையப்பர் பொருள் வளம் மிக்கவர் அல்லர். பெரிய அச்சகமும் அவருக்கு இல்லை. ஆனால் நூல் வெளியிடுவோர்க்கு வேண்டிய நான்கு பண்புகளும் அவரிடம் நிறைந்திருந்தன.

1917-ஆம் ஆண்டு அவர் சென்னையிலிருந்து கண்ணன் பாட்டை வெளியிட்டார். நாட்டுப் பாட்டு, பாப்பாப் பாட்டு, முரசு ஆகிய சிறுநூல்களையும் அவ்வாண்டே வெளிக்கொணர்ந்தார். கவிஞரின் பெயரைச் சொல்வதற்கே பலர் அஞ்சிய காலம் அது. புதுவையில் அடைபட்டிருந்த கவிஞரின் குரலைத் தமிழ் இல்லங்களிற் கேட்கச் செய்தவர் அவ்விளைஞரே. பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் தமிழ்நாட்டு ஆடவரும் பெண்டிரும் இப்பாடல்களை மகிழ்ந்து பாடுவர் என்று கண்ணன் பாட்டின் முன்னுரையில் அவர் முன்னறிந்து எழுதினார். அந்நூலின் இரண்டாம் பதிப்பு 1919-ஆம் ஆண்டு வ. வே. சு. ஐயரின் முன்னுரையோடு வந்தது.

ஆயினும் ஒருவரின் தோள் எத்துணைச் சுமையைத் தாங்கும்? நெல்லையப்பர் வெளியிட்டவை சிறுநூல்கள். பாரதியாரின் பெட்டியில் உறங்கிய கையெழுத்துப்படிகளோ மிகப்பல.

நாற்பது நூல்களின் திட்டம்

1918-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 20-ஆம் நாள் பாரதியார் புதுவையை விட்டு வெளியேறினார். எல்லையைக் கடந்ததும் கடலூர் அருகே சிறைப்படுத்தப்பட்டார். சில வாரங்களுக்குப் பின் விடுதலை பெற்று, மனைவி செல்லம்மாவின் ஊராகிய கடையத்தில் தங்கினார். 1919-ஆம் ஆண்டு எட்டயபுரம் அரசருக்குச் சீட்டுக்கவி எழுதித் தம் தமிழுக்குச் சிறப்புச் செய்யுமாறு வேண்டினார். அதனாற் பயன் விளையவில்லை.

புரவலரை நம்பிப் பயனில்லை; வெளியிடுவாரைத் தேடியும் போதிய துணை இல்லை. ஆதலின் பாரதியார் புதியதொரு முடிவுக்கு வந்தார். பதிப்பகம் ஒன்றைத் தாமே தோற்றுவித்தல் வேண்டும் எனக் கருதினார். 1920-ஆம் ஆண்டின் நடுவில் தமிழ் வளர்ப்புப் பண்ணை என்னும் பெயரால் ஒரு திட்டம் வகுத்தார். தம் கையெழுத்துப்படிகளை எல்லாம் நாற்பது நூல்களாகப் பகுத்தல்; ஒவ்வொன்றையும் 10,000 படிகள் அச்சிடுதல்; அவ்வாறு 4,00,000 படிகளைத் தமிழ்நாடெங்கும் பரப்புதல். இதுவே அத்திட்டம். தொடக்கச் செலவிற்கு 20,000 ரூபாய் தேவை எனக் கணக்கிட்டார். அத்தொகையை அவர் இரவலாகக் கேட்கவில்லை. நூறு ரூபாய் அளவிலேனும் கடனாகத் தருமாறும், வட்டியோடு திருப்பிக் கொடுப்பதாகவும் நண்பர்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தார்.

இத்திட்டத்தின் உட்கருத்து ஆழமானது. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் சிற்றூர்க் கடைகள் வரை சென்று விற்பனையாவதை அவர் கண்டார். அப்பொருள்களைப் போலவே நூல்களும் எங்கும் மலிவாகக் கிடைத்தல் வேண்டும் என விழைந்தார். அரண்மனை வாயிலை நோக்கி நின்ற தமிழ்ப் புலவர் மரபில் வந்தவர், தம் முகத்தை மக்கள் கூடும் சந்தையை நோக்கித் திருப்பினார். படிகள் மிகுந்தால் ஒரு படியின் விலை குறையும். விலை குறைந்தால் ஏழையும் வாங்குவான். பலர் வாங்கினால் ஆசிரியனும் பிறர் கையை எதிர்பாராது வாழலாம். அவர்தம் கணக்கு இதுவே.

கணக்கிற் பிழை இல்லை. காலந்தான் துணை செய்யவில்லை. எதிர்பார்த்த தொகை சேரவில்லை. கற்றவர் தொகை குறைவாய் இருந்த அந்நாளில், 10,000 படிகள் என்னும் எண் பலருக்குப் பகற்கனவாகத் தோன்றியிருத்தல் கூடும். தமிழ் வளர்ப்புப் பண்ணை தாளிலேயே நின்றுவிட்டது.

நிறைவேறாத ஆவல்

1920-ஆம் ஆண்டின் இறுதியிற் பாரதியார் சென்னைக்குத் திரும்பி, மீண்டும் சுதேசமித்திரனிற் பணி ஏற்றார். திருவல்லிக்கேணியிற் குடியிருந்தார். 1921-ஆம் ஆண்டு பார்த்தசாரதி கோயில் யானையால் தாக்குண்டார், அதிலிருந்து பிழைத்தார். அவ்வாண்டு ஜூலைத் திங்கள் 31-ஆம் நாள் ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையத்து வாசகசாலையில் மனிதனுக்கு மரணமில்லை என்னும் பொருள்பற்றிப் பேசினார். நூல்கள் நிறைந்த ஓர் இடத்தில் அப்பொருளை அவர் பேசியது நினைவிற் கொள்ளத்தக்கது. பின்னர் நோயுற்று, செப்டம்பர் 12-ஆம் நாள் பின்னிரவில் உலக வாழ்வை நீத்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. பாஞ்சாலி சபதத்தின் இரண்டாம் பாகம் அன்றும் கையெழுத்துப்படியாகவே இருந்தது.

கையெழுத்துப்படிகளின் காவலர்

கவிஞர் விட்டுச் சென்ற செல்வம் எழுதிய தாள்களே. அவற்றைக் காத்தவர் செல்லம்மா. துயரும் வறுமையும் சூழ்ந்த நிலையிலும் அவர் பாரதி ஆச்ரமம் என்னும் பெயரால் 1922-ஆம் ஆண்டு சுதேச கீதங்களை இரு பாகங்களாக வெளியிட்டார். பின்னர், பாரதியாரின் தம்பியும் மானாமதுரையில் ஆசிரியராய்ப் பணியாற்றியவருமான சி. விசுவநாதன், ஹரிஹர சர்மா முதலியோர் பாரதி பிரசுராலயத்தைத் தோற்றுவித்தனர். பாஞ்சாலி சபதத்தின் இரண்டாம் பாகம் 1924-ஆம் ஆண்டு வெளிவந்தது. முதற்பாகம் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே கதை நிறைவுற்றது.

1928-ஆம் ஆண்டு அரசு மீண்டும் குறுக்கிட்டது. காவலர் பாரதி நூற்படிகளைக் கைப்பற்றினர். சென்னைச் சட்டமன்றத்தில் எஸ். சத்தியமூர்த்தி இதனைக் கண்டித்து முழங்கினார். படிப்பார் உள்ளத்திற் பதிந்துவிட்ட பாடலை எந்தக் காவலர் பறிமுதல் செய்ய இயலும்?

பொதுவுடைமை ஆன கவிதை

காலம் மாறியது, பாரதியாரின் புகழ் ஓங்கியது. புகழோடு உரிமைச் சிக்கலும் வளர்ந்தது. பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமை வணிகர் கைக்குச் சென்று, பின்னர்ப் படத்தயாரிப்பாளர் ஏ. வி. மெய்யப்பனைச் சேர்ந்தது. மக்களுக்காகப் பாடிய கவிஞரின் பாடலை மக்கள் இசைவு பெற்றுத்தான் பாடுதல் வேண்டுமோ என்னும் வினா 1948-ஆம் ஆண்டு நாடெங்கும் எழுந்தது. வ. ரா., ப. ஜீவானந்தம், நாடகக் கலைஞர் டி. கே. சண்முகம் முதலியோர் பாரதி நூல்களை நாட்டுடைமை ஆக்குமாறு வேண்டினர். சண்முகம் முதலிய அன்பர் திருநெல்வேலிக்குச் சென்று செல்லம்மாவின் இசைவையும் பெற்றனர்.

ஓமந்தூர் இராமசாமி தலைமையில் இயங்கிய சென்னை அரசு 1949-ஆம் ஆண்டு அவ்வேண்டுகோளை ஏற்றது. மெய்யப்பன் தம்பால் இருந்த உரிமையை விலை பெறாமலே அரசிடம் ஒப்படைத்தார். செல்லம்மாவுக்கும் மக்கள் தங்கம்மாள், சகுந்தலா ஆகிய இருவருக்கும் அரசு பொருளுதவி செய்தது. 1955-ஆம் ஆண்டு பாரதி நூல்கள் அனைவர்க்கும் உரிய பொதுச் சொத்தாயின. கையெழுத்துப்படிகளைப் பேணிக் காத்த செல்லம்மாவும் அவ்வாண்டே மறைந்தார். ஒரு கவிஞரின் ஆக்கங்களை அரசே பெற்று மக்களுக்கு வழங்கியது உலக வரலாற்றிற் காணற்கரிய செயலாகும்.

நிறைவுரை

பாரதியார் தம் வாழ்நாளில் நம்பத்தக்க வெளியீட்டாளரைத் தேடினார். மாற்றுக் கருத்துடைய வழக்கறிஞர் ஒருமுறை கை கொடுத்தார். கடல் கடந்த தமிழர் ஒருமுறை துணை நின்றனர். நெல்லையப்பர் தம்மால் இயன்ற அனைத்தும் செய்தார். செல்லம்மா உள்ளதை எல்லாம் காத்தார். இறுதியில் தமிழ் மக்கள் யாவருமே அவருடைய வெளியீட்டாளர் ஆயினர். அவர் கணக்கிட்ட 4,00,000 என்னும் எண்ணை அவர் நூல்கள் என்றோ கடந்துவிட்டன.

மேலூர்ச் சந்தைக்கு வரும் உழவர் ஒருவர் தம் மகளுக்காகப் பாரதியார் கவிதைகளை எளிய விலைக்கு வாங்கிச் செல்ல இயலும். தீப்பெட்டி போல் நூல் எங்கும் கிடைத்தல் வேண்டும் என்று 1920-ஆம் ஆண்டு கண்ட கனவு அவர் கையில் உள்ளது. ஒரு நூலைக் கையில் ஏந்தும் மாணவர், அதனை எழுதியவரை மட்டுமன்றி, அஞ்சாது அச்சிட்டவரையும், வறுமையிலும் அதன் தாள்களைக் காத்தவரையும் நன்றியோடு நினைத்தல் கடனாகும்.